தெரிந்தே செய்யும் தப்புகள்: தத்துவம் கைகொடுக்குமா?

ஆகஸ்ட் 10 (கேள்வி)

என் குறை என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். எந்த வேலையையும் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போடுவேன். ஏன் என்பதும் தெரியும். எதைச் செய்தாலும் குறை சொன்ன அப்பா, தோற்றுவிடுவோமோ என்ற பயம். அத்தனையும் தெரிந்தும் நேற்றும் அதையேதான் செய்தேன். தன்னை அறி, தன்னை அறி என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். அறிந்து என்ன ஆயிற்று? தத்துவம் படித்து ஒரு பழக்கத்தையாவது விட்டவர் யாராவது உண்டா?

ஆகஸ்ட் 10, இரவு

உண்டு. என் பழக்கமும் உங்களுடையதுதான். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பாடம் நடத்துவதில் எனக்குச் சோம்பல் வந்ததே இல்லை. விடைத்தாள் திருத்துவதுதான் ஆகாது. கட்டு வீட்டுக்கு வந்து மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். நான் அடுப்படியைத் துடைப்பேன், துணி மடிப்பேன், யாருக்காவது போன் போடுவேன். மதிப்பெண் பட்டியல் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி கண் எரிய உட்கார்ந்து திருத்துவேன். வருஷக்கணக்காக இப்படித்தான் போயிற்று. இப்போது அப்படி இல்லை. எப்படி மாறியது என்று எழுதுகிறேன், ஒரே மூச்சில் முடியாது.

இன்றைக்கு ஒன்று மட்டும். பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் உங்கள் கேள்வியைத்தான் கேட்கிறான். தனக்கு விருப்பம் இல்லாதபோதும், யாரோ பலவந்தமாகப் பிடித்துத் தள்ளியதுபோல, மனிதன் எதனால் தப்புச் செய்கிறான்? கேட்டவன் கோழை இல்லை. ஆகவே இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11

கிரேக்கர்கள் இதை வைத்துப் பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள். பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் ஒரே போடாகப் போடுகிறார். நல்லது எது என்று உண்மையிலேயே தெரிந்தவன் அதற்கு மாறாக நடக்கமாட்டான், நடந்தால் அவனுக்குத் தெரியவில்லை என்றே பொருள். முதல்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியாதா என்ன? பட்டியல் கொடுக்கவேண்டிய தேதி தெரியும், தூக்கம் கெடும் என்று தெரியும், மறுநாள் வகுப்பில் எரிந்து விழுவேன் என்றும் தெரியும்.

அரிஸ்டாட்டிலுக்கும் அது ஒப்பவில்லை. கண்முன்னே நடப்பதற்கு இது முரண் என்கிறார். ஆனால் சாக்ரடீஸை அப்படியே தள்ளிவிடவும் இல்லை. 'நிக்கோமாக்கிய அறவியல்' ஏழாம் புத்தகத்தில் அவர் கொடுக்கும் உதாரணம் எனக்கு மறக்காது. குடிபோதையில் இருப்பவன் பழைய தத்துவக் கவிஞர் எம்பிடாக்ளிஸின் வரிகளைக் கடகடவென்று ஒப்பிப்பான். புதிதாகப் படிக்க வந்த மாணவனும் வாக்கியங்களை அழகாகக் கோத்துச் சொல்வான். இருவர் வாயிலும் இருக்கிறது, அறிவு இன்னும் வந்து சேரவில்லை. அது ஆளோடு ஒன்றாகிப் போகவேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்கிறார்.

இதை நான் பள்ளியில் தினமும் பார்க்கிறேன். 'தன்னைத்தான் காக்கின் சினங்காக்க' என்று அடி பிறழாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பையன், மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயடியில் இன்னொருவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்குக் குறள் தெரியாது என்று சொல்லமுடியுமா? தெரியும் என்றுதான் சொல்லமுடியுமா?

உங்கள் 'அப்பா, பயம்' விளக்கமும் இப்போதைக்கு அந்த இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். பொய்யில்லை. மனப்பாடம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது கடுமையாகப் படலாம். நான் சொல்லவந்தது இதுதான். உங்கள் விளக்கம் இருபது வருஷத்துக்கு முந்தினது. நீங்கள் வேலையை விட்டு எழுந்து போவது நேற்றுச் சாயங்காலம் ஏதோ ஒரு நிமிஷத்தில். அந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று உங்களால் சொல்லமுடியுமா? என்னால் வெகுநாள் சொல்லமுடியவில்லை.

ஆகஸ்ட் 17

எனக்கு வழி காட்டியவர் எபிக்டீடஸ், ஸ்டோயிக் என்கிற பழைய கிரேக்க-ரோமானியத் தத்துவ மரபைச் சேர்ந்தவர். அடிமையாகப் பிறந்தவர். டொமிஷியன் பேரரசன் தத்துவவாதிகளை ரோமை விட்டு விரட்டியபோது கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிக்கோபொலிஸ் என்ற ஊருக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். தானாக ஒன்றும் எழுதவில்லை. மாணவர் ஆரியன் எடுத்த குறிப்புகள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் இரண்டாம் புத்தகத்தின் பதினெட்டாம் பகுதி முழுக்கப் பழக்கத்தைப் பற்றியது. நடந்தால் நடை வளரும், ஓடினால் ஓட்டம் வளரும். கோபப்பட்டால் அந்த நேரத்துத் தீங்கோடு முடிவதில்லை, கோபிக்கும் பழக்கத்துக்கும் சேர்த்துத் தீனி போடுகிறாய் என்கிறார்.

அதே பகுதியில்தான் அந்த இடம் வருகிறது. மனத்தில் ஒரு தோற்றம் எழுந்து இழுக்கும்போது அதனிடம் பேசு என்கிறார். 'கொஞ்சம் பொறு. நீ யார், எதைக் காட்டுகிறாய் என்று பார்க்கிறேன்.' எதிர்த்து மல்லுக்கட்டச் சொல்லவில்லை. நிறுத்திவைத்து விசாரிக்கச் சொல்கிறார்.

சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம், காபி குடித்தாகிவிட்டது. கட்டைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்தேன். முதல் தாளின் முகப்பில் மதிப்பெண் கட்டங்கள் காலியாக இருந்தன. உள்ளே ஒரு மதிப்பெண் வினாக்களைத் திருத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. காலக்கோடும் சரியாகவே போயிற்று. பக்கத்தைத் திருப்பினால் ஐந்து மதிப்பெண் வினா, முதல் உலகப்போருக்கான காரணங்கள். இரண்டு வரி படித்ததும் பேனா நின்றது. செர்பியாவும் ஆஸ்திரியாவும் இடம் மாறியிருந்தன. உடனே மனத்தில் ஒரு வாக்கியம்: 'தலை வலிக்கிறமாதிரி இருக்கு, காலையில தெளிவா உட்கார்ந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்.' தலை வலிக்கவில்லை. பொறு என்றேன். அதன் அடியில் இன்னொன்று இருந்தது. அடுத்த தாளிலும் இதே தப்பு இருந்தால்? கட்டு முழுக்க இருந்தால்? அப்படியானால் நான் நடத்தியது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

நான் பயந்தது வேலைப்பளுவைப் பார்த்து இல்லை. அந்தக் கட்டுக்குள் என்னைப் பற்றிய ஒரு தீர்ப்பு இருக்கிறது, அதைப் படிக்கத்தான் கை வரவில்லை. இத்தனை வருஷம் 'எனக்குச் சோம்பல்' என்றே சொல்லி வந்திருந்தேன். சோம்பல் என்ற பெயர் எவ்வளவு வசதியாக அந்தப் பயத்தை மூடியிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் இதையும் சொல்லவேண்டும். அது தெரிந்த அன்றும் நான் எழுந்து போய்விட்டேன். தெரிந்தவுடன் பழக்கம் விட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆகஸ்ட் 18

'இதெல்லாம் மனத்தை அடக்கத் தெரிந்த யோகிகளுக்கு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாயுமானவர் உங்கள் பக்கம்தான். மதயானையை வசமாக்கலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கிற திறம் மட்டும் அரிது என்று பாடியவர். ஆனால் நான் சொல்வது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. ஒரு மூச்சு நேரம் தாமதிப்பது, அவ்வளவுதான்.

பாலி மொழியில் உள்ள புத்தரின் போதனைத் தொகுப்பில், எண்ணங்களைத் தணிப்பது பற்றிய உரையில் (மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாவது), புத்தர் ஐந்து வழிகள் சொல்கிறார். எனக்குப் பிடித்தது நான்காவது. வேகமாக நடக்கிற ஒருவன், 'நான் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறேன்? மெதுவாக நடக்கலாமே' என்று நினைக்கிறான். பிறகு 'ஏன் நடக்கவேண்டும், நிற்கலாமே.' பிறகு உட்காருகிறான், பிறகு படுக்கிறான். ஒவ்வொரு படியாக இறங்குவது. ஒரேயடியாக நிறுத்து என்று இந்த வழியில் சொல்லவில்லை. எழுந்து ஓடத் தோன்றும்போது நான் செய்வதும் இதுதான். எழுந்திருப்பதை நிறுத்துவதில்லை, எழுந்து ஜன்னலருகே நிற்பேன். அங்கிருந்து அடுப்படிக்குப் போகாமல் இருப்பது நாற்காலியிலிருந்து எழாமல் இருப்பதைவிடச் சுலபம்.

ஆகஸ்ட் 31

திருக்குறளில் இதற்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டவருக்கு. மடியின்மை அதிகாரம் முழுக்க இதுதான்.

நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்
கெடுநீரார் காமக் கலன்.

காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம், நான்கும் கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. விரும்பி ஏறுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தள்ளிப்போடுகிறவன் துன்பப்படுகிறான் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவன் அந்த நேரத்தில் சுகப்படுகிறான் என்று வள்ளுவர் பார்த்திருக்கிறார். 'நாளைக்கு' என்று சொன்ன மறுகணம் நெஞ்சில் ஒரு லேசான நிம்மதி வருகிறதே, அதுதான் கூலி. அந்தக் கூலி உடனுக்குடன் கிடைப்பதால்தான் பழக்கம் கெட்டிப்படுகிறது. தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாத குறை இல்லை, கெட்ட மனநிலையிலிருந்து அப்போதைக்குத் தப்பும் வழி என்று கனடாவின் டிமோதி பிச்சில் போன்ற உளவியலாளர்கள் இப்போது எழுதுகிறார்கள். கால அட்டவணை போட்டே இதைச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். நானும் சுவரில் அட்டவணை ஒட்டியவர்களில் ஒருவர்தான்.

செப்டம்பர் 8

இந்த இழையைப் படித்துவிட்டு ஸ்டோயிக் புத்தகங்கள் மொத்தமும் வாங்கிவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் ஜாக்கிரதை. படிப்பதும் தள்ளிப்போடும் வழியாகிவிடும், அதுவும் மரியாதையான வழி. யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

எபிக்டீடஸ் காலத்திலேயே இது இருந்திருக்கிறது. ஸ்டோயிக் ஆசான் கிரிசிப்பஸின் நூலை முழுதாகப் படித்துவிட்டேன் என்று பெருமையாக வந்த மாணவனிடம் அவர் கேட்கிறார்: ஒரு மல்லனிடம் 'உன் தோளைக் காட்டு' என்று கேட்டால் அவன் 'இதோ என் பயிற்சி எடைகளைப் பாருங்கள்' என்றால் எப்படி? எடையை நீயே வைத்துக்கொள், அதனால் உனக்கு ஆனதைக் காட்டு.

செப்டம்பர் 28

காலாண்டுத் தேர்வு முடிந்து கட்டுகள் வந்துவிட்டன. இந்த விஷயத்தைப் பேச இதைவிடப் பொருத்தமான வாரம் கிடைக்காது.

இப்போது நான் செய்வது. ஒவ்வொரு தாளாக முதலிலிருந்து கடைசிவரை திருத்துவதில்லை. எல்லாத் தாளிலும் ஐந்து மதிப்பெண் வினாவை மட்டும் முதலில் திருத்துகிறேன், அதுவும் நான் அதிகம் பயப்படுகிற வினாவை. பல ஆசிரியர்கள் மதிப்பெண் சீராக இருக்கவேண்டும் என்பதற்காகக் கேள்வி கேள்வியாகத் திருத்துவார்கள். எனக்கு அதில் வேறொரு பலன். பயம் முதல் நாளே தீர்ந்துவிடுகிறது. தீர்ப்பைப் படித்தாகிவிட்டது, மிச்சம் வெறும் வேலை.

இன்னொன்று, தொடங்கும் நேரத்தை நான் தீர்மானிப்பதில்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் சணலை அவிழ்க்கவேண்டும், அவ்வளவுதான் விதி. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இப்படிப்பட்ட 'இது நடந்தால் அது செய்வேன்' முடிவுகளை வெகுகாலம் ஆராய்ந்திருக்கிறார். 'சீக்கிரம் திருத்திவிடுவேன்' என்ற உறுதியைவிட, எங்கே எப்போது என்று கட்டிப்போட்ட உறுதி அதிகம் நிறைவேறுகிறது என்பது அவர் கண்டது. அன்றைய மனநிலையிடம் அனுமதி கேட்காமல் வேலை தொடங்கிவிடுகிறது.

செப்டம்பர் 29

நேற்று எழுதியதில் முக்கியமானது விட்டுப்போயிற்று. திருத்தாமல் எழுந்துபோன நாளின் ராத்திரியை என்ன செய்வது?

முன்பெல்லாம் படுத்துக்கொண்டு என்னையே திட்டுவேன். சம்பளம் வாங்குகிறாயே, வெட்கமில்லையா என்கிற ரகம். அது நேர்மை என்று நம்பினேன். ரோமானிய ஸ்டோயிக் செனெக்கா 'சினம் குறித்து' நூலின் மூன்றாம் பகுதியில் தன் இரவுப் பழக்கத்தை விவரிக்கிறார். விளக்கை எடுத்துப்போனபின், அவர் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய பொழுதை முழுதாகத் திரும்பிப் பார்ப்பாராம். எதையும் தன்னிடமிருந்து மறைப்பதில்லை, எதையும் தாண்டிப்போவதில்லை. செக்ஸ்டியஸ் என்ற தத்துவவாதியின் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட கேள்விகள்: இன்று உன் எந்தக் கேட்டைக் குணப்படுத்தினாய்? எந்தக் குற்றத்தை எதிர்த்து நின்றாய்? எந்த வகையில் மேலானாய்?

இவ்வளவு கறாரான ஆள், தப்பைக் கண்டதும் தனக்குச் சொல்லிக்கொள்வது: 'இதை இனிச் செய்யாமல் பார்த்துக்கொள், இப்போது மன்னிக்கிறேன்.' நான் அந்த வரியில் வெகுநேரம் நின்றேன்.

இது வெறும் இரக்கம் இல்லை என்பதற்கு ஒரு சான்று. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு, 2010-இல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். எனக்கு இது உடனே புரிந்தது. நான் ராத்திரி திட்டத்திட்ட, மறுநாள் அந்தக் கட்டின்மேல் இன்னும் ஒரு அடுக்கு வெறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. முதல் பயம் போதாதென்று, திட்டு வாங்கிய ஞாபகமும் சேர்ந்துகொண்டது. யார்தான் தொடுவார்கள்?

நம் ஊரில் பிள்ளைகளைத் திருத்துவதற்கும் திட்டைத்தான் முதலில் எடுக்கிறோம். அதை எழுத ஆரம்பித்தால் வேறு இழை வேண்டும்.

அக்டோபர் 6

கோபத்துக்கு இதே முறை ஒத்துவருமா? எபிக்டீடஸ் கோபத்துக்கே ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார். முதலில் தினமும் கோபப்பட்டேன், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. முப்பது நாள் தப்பினால் கடவுளுக்குப் பலி கொடு என்கிறார். கோபத்துக்கு நாள் கணக்கு பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வந்ததா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும். தள்ளிப்போடுவதற்குப் பொருந்தாது. ஒருநாள் கணக்கு அறுந்தால் 'சரி, போயிற்று, இனி அடுத்த மாசம் பார்ப்போம்' என்று அதையும் தள்ளிப்போடும் மனசு.

நவம்பர் 3

தம்பியின் குடியைப் பற்றி எழுதிய அக்காவுக்கு. இங்கே பேசியதை வைத்து அவரை விசாரிக்க வேண்டாம். பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். முதலில் மருத்துவமனை, பேச்சு அப்புறம்.

அதேபோல் வாரக்கணக்காகப் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை என்றால் அது பழக்கம் இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். ஆல்பர்ட் எல்லிஸ் 1950களிலும் ஆரன் பெக் 1960களிலும் உருவாக்கிய சிகிச்சை முறைகளுக்கு ஸ்டோயிக்குகளின் சிந்தனை ஓர் ஊற்று என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மருத்துவரிடம் போவதைத் தத்துவத்தைக் கைவிடுவதாக நினைக்கவேண்டாம்.

டிசம்பர் 24

அரையாண்டுத் தாள்கள் முடிந்தன, விடுமுறை தொடங்கும் முன்பே.

ஆகஸ்டில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'ஏன்' என்று கேட்பதே வீண் என்று நான் சொன்னதுபோல் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அனுபவம் அதற்கு ஒரு படி மேலே போயிருக்கிறது. சோம்பல் என்று நினைத்திருந்தவரை எனக்குத் தோன்றிய மருந்தெல்லாம் அலாரமும் அட்டவணையும்தான். பாடம் போய்ச் சேரவில்லையோ என்ற பயம் என்று தெரிந்தபின், அந்தப் பயத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதும் தெரிந்தது. உண்மையாகவே போய்ச் சேரவில்லை. செர்பியா எங்கே இருக்கிறது என்றே பிள்ளைகளுக்குத் தெரியாதபோது கூட்டணிகளை எப்படிப் புரிந்துகொள்வார்கள்? இந்த முறை ஐரோப்பா வரைபடத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஒருவரை நிற்கவைத்து நடத்தினேன். ஆஸ்திரியாவாக நின்ற பெண் செர்பியாவை முறைத்த முறையை வகுப்பே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. தாள்களில் அந்த வினா நன்றாகவே வந்திருக்கிறது, எல்லாரிடமும் இல்லை, ஆனால் நிறையப் பேரிடம்.

சரியான 'ஏன்' கிடைத்தால் அது செய்யவேண்டிய வேலையைக் காட்டும். உங்கள் 'ஏன்' எந்த வேலையையும் காட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கீழே தோண்டிப் பார்க்கலாம்.

ஜனவரி 5

கேள்வியைத் தொடங்கியவர் திரும்ப வந்திருக்கிறார். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் தொழிலாம். நின்று கவனித்துப் பார்த்தாராம். எல்லா வேலையையும் தள்ளிப்போடவில்லை, ஏற்கெனவே பாக்கி வைத்திருக்கிறவர்களின் வேலையையும், நாலு தடவை மாற்றச் சொல்லி அலைக்கழிப்பவர்களின் வேலையையும்தான் அதிகம் தள்ளிப்போடுகிறாராம். 'அப்பா இதில் எங்கே வருகிறார் என்றே தெரியவில்லை' என்கிறார்.

நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அவர் உடனே 'இதையும் வெல்லவேண்டும்' என்று எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்று காலம் தாழ்த்திச் செய்யவேண்டியதைத் தாழ்த்தியே செய்யச் சொன்னவரும் வள்ளுவர்தான். பணம் தராதவருக்கு வேலை செய்ய மனம் வராதது கெட்ட பழக்கம் இல்லை, அங்கே உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. அவர்களிடம் முன்பணம் கேளுங்கள், எத்தனை திருத்தம் வரை இலவசம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த வேலைகளைப் பட்டியலிலிருந்து எடுத்தபின் மிச்சம் எத்தனை நிற்கிறது என்று எழுதுங்கள், அதைப் பற்றிப் பேசலாம்.